பட்டிக்காடும் பட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தவர்கள், சென்னையிலேயே பிறந்தவர்கள், ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் என மூன்று தரப்பும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியவை.

எல்லா ஊருக்கும் செல்போன் வந்துவிட்டது, ரோடு வந்துவிட்டது. இன்னும் என்ன கிராமம், நகரம் என்ற பேச்சு?

வசதியில் இடைவெளி குறைந்திருக்கிறது, உண்மைதான். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை பார்க்கிற ரீல்ஸைத்தான் அண்ணாநகர்ப் பிள்ளையும் பார்க்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் எடைபோடுகிற பழக்கம் மாறவில்லை. ‘பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி’ என்று இன்றைக்கும் வாய் கூசாமல் சொல்கிறோம். ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி ‘பட்டணத்துப் பழக்கம்’ என்றால் அது பாராட்டாக இருக்காது.

இதெல்லாம் வெறும் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். யாருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கும், யாருக்கு வேலை கிடைக்கும், எந்த ஊர் ஏரித் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும் என்பது வரைக்கும் இந்த எண்ணங்கள் போகின்றன.

எதைக் கிராமம் என்கிறோம், எதை நகரம் என்கிறோம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு அளவுகோல் இருக்கிறது. ஓர் ஊரில் குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் சாராத தொழிலில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கில் அது நகரம்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடி பேரில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். இந்தியா முழுவதற்கும் அது 31 சதவீதம்தான்.

அதாவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஊரில், தம்பி ஆவடியில், அக்கா திருப்பூரில் என்று இருப்பதுதான் இங்கே வழக்கம். கிராமம் என்றால் ஏரும் மாடும் என்று நினைத்துக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குப் போனால் குழம்பிப்போவீர்கள். அங்கே கோழிப்பண்ணை, லாரி, திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகிற போர்வெல் வண்டி என்று வேறு ஓர் உலகம் நடக்கிறது. காலையில் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு இரவு ஊர் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்தம்.

கிராமத்தாரைப் பற்றிய தப்பெண்ணங்களில் அதிகக் கெடுதல் செய்வது எது?

‘இங்கிலீஷ் வராது, அதனால் விவரம் போதாது’ என்பதுதான்.

கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிற அறையை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் பக்கத்துப் பெண், மெக்கானிக்கல் படித்தவள், நல்ல மதிப்பெண். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றதும், ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்குகிறாள். ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்த உடனேயே எதிரில் இருப்பவரின் பேனா தாளில் எதையோ குறித்துவிடுகிறது. அப்பா விவசாயி, அம்மா ஹவுஸ் ஒய்ஃப் என்கிறாள். அந்த அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் ஹாஸ்டல் பணம் கட்டியிருக்கிறார். அதைச் சொல்லலாம் என்றே அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்துக் கேட்டிருந்தால் பிய்த்து உதறியிருப்பாள். அந்தக் கேள்வி வரவே இல்லை. ‘கம்யூனிகேஷன் போதாது’ என்ற ஒரே வரியில் நான்கு வருஷப் படிப்பு முடிந்துவிடுகிறது.

இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்தவர். சந்திரயான்–1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கோவை மாவட்டம் கோதவாடிக்காரர், அவரும் தமிழ்வழிதான். இவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. நிலவுக்குக் கலம் அனுப்பினால்தான் கிராமத்துப் பிள்ளையின் அறிவை நம்புவோம் என்றால் அது என்ன நியாயம்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுக்கும் சட்டம் 2020இல் வந்தது. நீட் வந்தபின் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயிருந்த அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கில் ஏறியது. கதவைத் திறந்ததும் உள்ளே வந்தார்கள். அத்தனை நாளும் அவர்களுக்குத் தகுதி இருக்கத்தான் செய்தது.

‘கிராமத்து ஜனங்கள் வெள்ளந்தி’ என்பது நல்ல வார்த்தைதானே? அதில் என்ன தப்பு?

வெள்ளந்தி என்று சொல்லிவிட்டால், அவர்களுக்குச் சொந்தக் கருத்து இருக்கும், கணக்கு இருக்கும், கோபம் இருக்கும் என்று நினைக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. உழவர் சந்தையில் கத்திரிக்காய் விற்கிற பாட்டியிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். மறுத்தால் ‘இப்பல்லாம் கிராமத்துக்காரங்களும் மாறிட்டாங்க’ என்கிறோம். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை வந்ததே, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவர் கையிலேயே காசு சேரட்டும் என்றுதான். விலை சொல்வது அவர் உரிமை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற இளம்பெண்களில் ஏராளமானோர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ‘சொன்னால் கேட்பார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள்’ என்ற நினைப்பு அவர்களைப் பற்றியும் இருந்தது. 2021 டிசம்பரில் அங்கே ஒரு தொழிற்சாலையின் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதிகளைச் சரிசெய்கிறோம் என்று நிர்வாகம் இறங்கிவர வேண்டியதாயிற்று.

நூறு நாள் வேலைத் திட்டத்தால் கிராமத்தில் எல்லாரும் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்கிறார்களே?

மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சு இது. 2005இல் சட்டமாகி 2006இல் தொடங்கிய இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அதில் பலர் வயதானவர்கள். விடியற்காலையில் சமைத்து, மாட்டைப் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மண்வெட்டியோடு வந்தவர்கள். கூலி பல வாரம் தள்ளிப்போய் வங்கிக்கு வந்தது.

நடவு நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதில் இன்னொரு உண்மையும் உண்டு: வேறு வழி இருந்தால்தான் ஒரு பெண் ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடியும். ஏசி அறையில் டீ குடிக்கப் பத்து நிமிஷம் எழுந்து போகிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

கிராமம் என்றால் சாதி. நகரத்துக்கு வந்துவிட்டால் சாதி இல்லை. இது சரியா?

பாதி சரி. அந்தப் பாதியை முதலில் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் குடியிருக்கிற இடம் என்று கடுமையாகச் சாடினார். கிராமம்–நகரம் என்ற பிரிவையே வருணப் பிரிவுக்கு ஒப்பாகப் பார்த்தவர் பெரியார். இருவரும் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனது கூலி கேட்டதற்காக. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அதை விசாரிக்கப்போன அதிகாரிகள் கண்ணிலேயே அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையும் பட்டது. ‘எங்க ஊரு மாதிரி வருமா’ என்று உருகுகிறவர்கள், அந்த ஊரில் ஊர் எது, சேரி எது என்பதையும் சேர்த்தே நினைத்துப்பார்க்க வேண்டும். ஓடிவந்து பட்டணத்தில் பெயர் தெரியாத ஆளாக நின்றபோதுதான் மூச்சு விட்டேன் என்று சொல்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்ற பழமொழி அவர்களுக்கு நிஜமாகவே வழிகாட்டியது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். மயிலாப்பூரோ மாம்பலமோ மடிப்பாக்கமோ, வாடகைக்கு வீடு பார்க்கப் போங்கள்.

‘சொந்த ஊர் எது தம்பி?’

‘திருவாரூர் பக்கம் சார்.’

‘திருவாரூர்ல எங்க?’

ஊர்ப் பெயரைச் சொன்னால், ‘அங்க எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி. அப்புறம் அப்பா பெயர், குலதெய்வம், ‘நான்வெஜ் சமைப்பீங்களா?’ சாதி என்ற பேச்சே எடுக்காமல் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘சொல்லி அனுப்புறோம்’ என்பார்கள். சொல்லி அனுப்பமாட்டார்கள். அதே நகரத்தில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் செத்துப்போகிறவர்கள் எந்தச் சாதிக்காரர்கள் என்று பார்த்தால் மீதியும் புரிந்துவிடும்.

கிராமத்தில் எங்கே எப்படி நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நகரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. வெளியே வந்து வாழ இடம் கிடைப்பது பெரிய வித்தியாசம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நகரத்துக்குக் கொடுக்கிற நற்சான்றிதழ் கொஞ்சம் அவசரமானது.

சென்னைக்காரர்களுக்கு ஈரமே கிடையாது, பக்கத்து வீட்டில் செத்தாலும் தெரியாது என்று ஊரில் சொல்கிறார்களே?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்தவர்கள் யாரிடமாவது கேளுங்கள். மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக ஆட்களை மீட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள். மாவட்டங்களிலிருந்து சாப்பாடும் பாயும் போர்வையும் வந்து குவிந்தன.

ஊர்க்காரர்களுக்கு இருக்கிற ஆதங்கம் வேறு இடத்தில் நியாயமானது. அதே மழையில் கடலூர் மாவட்டமும் மூழ்கியது. கேமராக்கள் பெரும்பாலும் சென்னையிலேயே நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வரிசை வரிசையாகச் சாய்த்துப் போட்டது. காய்த்துக்கொண்டிருந்த தென்னை விழுந்தால் அடுத்த கன்று காய்க்க வருஷக்கணக்காகும். ஒரு குடும்பத்தின் பென்ஷன் அது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சென்னை அதில் தப்பிவிட்டதால் நாட்டின் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. களத்துக்குப் போய் வேலை செய்த சென்னைப் பிள்ளைகளையும் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை.

வடசென்னைக்காரர்கள், சென்னைப் பாஷை பற்றி ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஏளனம் இருக்கிறதே?

இருக்கிறது. அதைச் சினிமா நன்றாக வளர்த்துவிட்டது. மதுரைத் தமிழ் பேசினால் கையில் அருவா, கோவைத் தமிழ் பேசினால் மரியாதை, நெல்லைத் தமிழ் பேசினால் சிரிப்பு, சென்னைத் தமிழ் பேசினால் ரவுடி. உழைக்கிற மக்களின் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள், தங்கள் ஊர்ப் பேச்சைக் கேலி செய்தால் மட்டும் ஏன் கோபப்பட வேண்டும்? வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரத்தில் குத்துச்சண்டை, சந்துக்குச் சந்து கேரம் என்று வளர்ந்த பகுதி அது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா அங்கிருந்து வந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

நகரத்துக்குள்ளேயே தள்ளிவைக்கப்பட்டவர்களையும் சொல்ல வேண்டும். கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 2000த்திலிருந்து கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நெடுநாள் குறை. சென்னையில் பிறந்தவருக்கே சென்னையில் இந்த நிலை.

சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊர்களுக்கு என்ன மரியாதை?

கிராமம்–நகரம் என்று பேசும்போது எல்லாரும் பழக்கவழக்கத்தைப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

காட்டுமன்னார்கோவில் வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்து வயல்களுக்கானது. 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சென்னைக்கு வருகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12 அன்று 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது, ஊடகங்கள் கொண்டாடின. ஜோலார்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு, நம் குழாயிலேயே தண்ணீர் வராதபோது இது என்ன என்ற கவலை. அவர்களைப் பற்றிய செய்தி உள்பக்கத்துக்குப் போனது. திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் வருஷம் முழுக்க லாரிகள் கிணற்றிலிருந்து இழுக்கின்றன. விற்கிற ஒருவருக்குக் காசு, பக்கத்து வயல்காரருக்கு வற்றிப்போன போர்வெல்.

2022இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவித்ததும் அங்கே நிலம் போகிற ஏகனாபுரம் கிராம மக்கள் போராடத் தொடங்கினார்கள். நெல் வயல், ஏரி, வீடு மூன்றும் போகும் என்பது அவர்கள் பயம். அவர்களை ‘முன்னேற்றம் புரியாதவர்கள்’ என்று எழுதினார்கள். தி.நகரிலோ அடையாறிலோ ஒரு தெருவை மொத்தமாகக் காலி செய்யச் சொன்னால், எதிர்ப்பவர்களை யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

கிராமத்து விஷயத்துக்காக நகரம் எப்போதாவது நின்றிருக்கிறதா?

2017 ஜனவரி. அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு கேட்டு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றே மெரினாவில் கூட ஆரம்பித்தார்கள். மாட்டைத் தொட்டே பார்க்காத கல்லூரிப் பிள்ளைகளும் ஐடி ஊழியர்களும் ஒரு வாரம் மணலில் படுத்தார்கள். காளை யாருடையது, எந்தச் சாதிக்கு வாடிவாசலில் இடம் உண்டு என்ற கேள்விகள் அங்கே போதிய அளவு எழவில்லை என்ற விமர்சனம் சரியானது. ஆனால் செல்போன் டார்ச்சை உயர்த்திப் பிடித்த அந்தக் கூட்டத்தில் யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொரோனா சமயத்தில் இது தலைகீழாக ஆனதே?

ஆமாம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று ஏறியது. அதன்பின் சென்னை நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே முள்ளை வெட்டிப் பாதையை அடைத்த ஊர்கள் உண்டு. சொந்த மகனைத் தோப்பில் தங்கவைத்தார்கள். பயம்தான், புரிகிறது. ‘நோயைக் கொண்டுவருகிறவன்’ என்ற பார்வை தன்மேல் விழும்போது எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கும் அப்போது தெரிந்தது.

ஊரிலிருந்து முதல்முறையாகச் சென்னைக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ள அவசரப்படாதே. இங்கிலீஷைக் கருவியாகக் கற்றுக்கொள். தப்பாகப் பேசிப் பேசித்தான் வரும். மெஸ்ஸில் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் உட்காராதே, அது பெரும்பாலும் நம் சாதிக்காரர்களோடு மட்டும் உட்காருவதில் போய் முடியும். ஊரில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் உள்ளதைச் சொல். பெண்பிள்ளையாக இருந்தால், ஊரில் என்ன பேசுவார்களோ என்று நினைத்துப் படிப்பையோ வேலையையோ பாதியில் விட வேண்டாம். பேசுகிறவர்கள் நாளைக்குத் தங்கள் மகளுக்குச் சீட் எங்கே கிடைக்கும் என்று உன்னிடம்தான் வருவார்கள்.

சென்னை அலுத்துவிட்டது, ஊருக்கே போய் விவசாயம் செய்யலாம் என்று இருக்கிறேன். ஊர் ஏற்றுக்கொள்ளுமா?

ஏற்றுக்கொள்ளும், மெதுவாக. நிலம் வாங்குவதற்கு முன் குத்தகைக்கு எடுத்து இரண்டு போகம் செய்து பாருங்கள். அந்த நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் எந்த முறையில் வரும் என்பதைப் பத்திரத்தைப் பார்த்தால் தெரியாது, பக்கத்து வயல்காரரிடம் கேட்க வேண்டும். இயற்கை விவசாயம் பற்றி முதல் மாதமே வகுப்பு எடுக்காதீர்கள். நாற்பது வருஷம் அந்த மண்ணில் நின்றவர்களுக்கு அது பிடிக்காது. கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் மன்னிப்பார்கள், சாவு வீட்டுக்குப் போகாவிட்டால் மறக்கமாட்டார்கள். ஊர்த் தெருவில் மட்டுமின்றிக் காலனியிலும் போய்ப் பேசிப் பழகுங்கள். அதற்கு வரும் முணுமுணுப்பைத் தாங்கத் தயாராக இருங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயரை ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊராட்சியின் பட்டியலில் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். முதல் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து, யார் கேள்வி கேட்கிறார்கள், யாரைப் பேசவிடுவதில்லை என்று மட்டும் கவனியுங்கள்.